அத்தியாயம் 7: ரிப்பேருக்குப் பிறகும் குளிராத கார் ஏ.சி.

கம்ப்ரஸர் மாற்றியாயிற்று, கேஸ் போட்டாயிற்று, பில்லும் கட்டியாயிற்று. காற்று மட்டும் குளிரவில்லை. அல்லது இரண்டு வாரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டுப் பழையபடி ஆகிவிட்டது. காரைத் திரும்பக் கொண்டுபோனால் பல கடைகளில் முதலில் காதில் விழுவது இதுதான்: "கேஸ் கம்மி சார், கொஞ்சம் ஏத்திப் பாக்கலாம்." அதற்குத் தலையாட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

பெட்ரோல் எரிந்து தீர்கிறது, ஏ.சி. கேஸ் அப்படித் தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ் ஆவியாவதும் திரவமாவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் கொஞ்சம் கசியலாம். ஆனால் போன மாதம் போட்ட கேஸ் இந்த மாதம் குறைந்திருந்தால், ஒன்று அன்றைக்கே குறைவாகப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ லீக் இருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் மேலே மேலே ஏற்றினால் பழுது தீராது, பணம்தான் தீரும். போதாக்குறைக்கு, கேஸ் சரியாக இருக்கும்போதும் குளிரைக் கெடுக்கிற காரணங்கள் பல உண்டு.

பில்லில் இருந்து தொடங்குங்கள்

ரிப்பேருக்குப் பின் வரும் கோளாறு பெரும்பாலும் ரிப்பேரில் கை பட்ட இடத்திலேயே இருக்கும். எனவே எந்தப் பாகத்தைக் கழற்றினார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூலிங் காயில் மாற்றியிருந்தால் டேஷ்போர்டைக் கழற்றியிருப்பார்கள். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடல் உள்ளே இருக்கிறது. அதன் கேபிளோ மோட்டாரோ சரியாக மாட்டப்படாமல் போயிருக்கலாம். காயிலில் செருகும் வெப்ப சென்சார் இடம் மாறியிருக்கலாம். தண்ணீர் வடியும் டியூப் மடங்கியிருக்கலாம்.

காண்டென்சர் மாற்றியிருந்தால் ஃபேனின் கனெக்டர், காண்டென்சரைச் சுற்றி இருந்த ஃபோம் பட்டைகள், இரண்டு பைப் இணைப்புகளின் ஓ-ரிங் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

கம்ப்ரஸர் மாற்றியிருந்தால் எண்ணெய் அளவு, கிளட்ச் இடைவெளி, பெல்ட் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். பழைய கம்ப்ரஸர் உள்ளுக்குள் உடைந்து போயிருந்தால், அதன் உலோகத் துகள் வேறு எங்கே போய் அடைத்திருக்கிறது என்பதும் பெரிய கேள்வி.

கேஸ் மட்டும் போட்டிருந்தால் மூன்றே கேள்விகள். வேக்குவம் போட்டார்களா? எத்தனை கிராம் ஏற்றினார்கள்? கேஸ் ஏற்றிய வாயின் பின் வால்வ் கசிகிறதா, அதன் மூடி இருக்கிறதா? அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி தூசிக்கு மட்டுமல்ல, கசிவுக்கும் இரண்டாவது தடுப்பு. ரிப்பேரின்போது தொலைந்துபோகிற முதல் பொருளும் அதுதான்.

கேஜ் இல்லாமல் செய்யும் சோதனை

காரை நிழலில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யை ஆன் செய்து, குளிர் முழு அளவிலும் ப்ளோயர் முழு வேகத்திலும் இருக்கட்டும். உள்காற்றையே சுற்றவைக்கும் பட்டனை அழுத்துங்கள். நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். சமையலுக்கு விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

முதலில் காற்றின் அளவு. காற்றே குறைவாக வந்தால் கேஸைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். தூசியும் சருகும் அடைத்த ஃபில்டரால் புதிய கம்ப்ரஸர் மீது பழி விழுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது கம்ப்ரஸர் கிளட்ச். பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல் பாருங்கள். ஏ.சி. ஆன் ஆனதும் 'டக்' என்ற சத்தத்தோடு கம்ப்ரஸரின் முன்தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். புல்லி மட்டும் சுற்றி முன்தட்டு நின்றிருந்தால் கிளட்சுக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது கிளட்சின் காயில் போய்விட்டது, அல்லது இடைவெளி அதிகம். பல கம்ப்ரஸர்களில் அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். கொஞ்சம் கூடிவிட்டால் குளிர்ந்த இன்ஜினில் ஒட்டும், சூடேறினால் விட்டுவிடும். ஃபியூஸ், ரிலே, கம்ப்ரஸர் கனெக்டர் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே மேலே போங்கள். கேஸ் அழுத்தம் ஏறக்குறைய 2 பாருக்குக் கீழே இறங்கினாலும் 30 பாரைத் தாண்டினாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். எண்கள் மாடலுக்கு மாடல் சற்று மாறும். அந்த ஸ்விட்சை வயர் வைத்து ஷார்ட் செய்து கம்ப்ரஸரை ஓட்டிக் காட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். எண்ணெய் சுற்றாத கம்ப்ரஸர் சீக்கிரமே ஜாம் ஆகிவிடும். கிளட்சே இல்லாத புதிய வகைக் கம்ப்ரஸர் என்றால் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, கேஜ்தான் சொல்லும்.

மூன்றாவது ஃபேன். ஏ.சி. ஓடும்போது காண்டென்சருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் காண்டென்சரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தாளைத் தள்ளினால் ஃபேன் வயர் மாறி, எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தக் கோளாறு படவே படாது.

நான்காவது பைப். கூலிங் காயிலில் இருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த பைப் சில்லென்று இருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் வியர்க்கும். மெல்லிய பைப் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரஸரில் இருந்து காண்டென்சருக்குப் போகும் பைப்பைத் தொடாதீர்கள், கை சுட்டுவிடும்.

தடித்த பைப் நன்றாகக் குளிர்ந்து வியர்க்கிறது, வென்ட் காற்று மட்டும் குளிரவில்லை என்றால் கேஸ் பக்கம் குற்றமில்லை. குளிர்ந்த காற்றில் ஹீட்டரின் சூடு கலக்கிறது. மடலைப் பாருங்கள். வெப்பநிலைக் குமிழை முழுச் சூட்டுக்கும் முழுக் குளிருக்கும் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் மடல் நகரும் சத்தமும் கேட்க வேண்டும், காற்றும் மாற வேண்டும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு சாட்சியும் உண்டு. ஏ.சி. சரியாக ஓடினால் சற்று நேரத்தில் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும். சொட்டாமல் முன்சீட்டுக்காரரின் கால்மிதி நனைந்தால் வடிகால் டியூப் அடைத்திருக்கிறது அல்லது சரியாக மாட்டப்படவில்லை.

எப்போது குளிர்கிறது, எப்போது நிற்கிறது

"குளிரவில்லை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது. எந்த நேரத்தில், எப்படி என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் சூடாகிறது: காண்டென்சருக்குக் காற்று போதவில்லை. ஃபேன் வேகம் குறைவு, அல்லது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, அல்லது பக்கவாட்டு ஃபோம் பட்டையை மாட்டாமல் விட்டதால் ரேடியேட்டரின் சூடான காற்றே திரும்பி வந்து காண்டென்சருக்குள் போகிறது.

கிளம்பும்போது குளிர்ந்து, கொஞ்ச நேரத்தில் நின்று, ஏ.சி.யை அணைத்துவைத்த பிறகு மறுபடி குளிர்கிறது: இதில் இரண்டு வகை உண்டு. வென்ட் காற்றின் வேகத்தைக் கவனித்தால் பிரித்துவிடலாம். காற்றின் அளவே குறைந்துகொண்டு வந்தால் கூலிங் காயில் மீது பனி படிந்து அடைக்கிறது. சென்சார் இடம் மாறியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். காற்று அதே வேகத்தில் வந்து, ஆனால் சூடாகிவிட்டால் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் பனிக்கட்டி அடைக்கிறது. உள்ளே ஈரம் இருக்கிறது, வேக்குவம் சரியாகப் போடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

டிரைவர் பக்க வென்ட்டும் அடுத்த பக்க வென்ட்டும் வெவ்வேறு குளிரில் வருகின்றன: கேஸ் குறைவாக இருந்தால் கூலிங் காயிலின் ஒரு பகுதி மட்டுமே குளிர்ந்து இப்படி ஆகும். இரட்டை வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள காரில் ஒரு பக்க மடலின் கோளாறும் இதே போலத் தெரியும்.

கேஜ் சொல்வதும் சொல்லாததும்

இந்தப் பகுதியில் உள்ள எண்கள் ஆர்-134ஏ கேஸுக்கு உரியவை. சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கும். இரண்டையும் கலக்கவே கூடாது. பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் கிராம் அளவும் எழுதியிருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஓடாதபோது கேஜ் காட்டும் அழுத்தம், கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. சமையல் சிலிண்டர் போலத்தான் இதுவும்: உள்ளே திரவம் ஒரு கரண்டி இருந்தாலும் ஒரு குடம் இருந்தாலும் அழுத்தம் ஒன்றே, அதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. ஆர்-134ஏ 25 டிகிரி செல்சியஸில் சுமார் 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் சுமார் 97, 35 டிகிரியில் சுமார் 114 காட்டும். ஆகவே நின்ற காரில் கேஜைச் செருகி "100 இருக்கு, கேஸ் ஃபுல்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். பாதி கேஸ் இருந்தாலும் அதே எண்தான் வரும்.

அதே எண் வேறொன்றைப் பிடித்துக் கொடுக்கும். இரவு முழுவதும் நிழலில் நின்று, இன்ஜினும் வெளிக்காற்றும் ஒரே வெப்பநிலைக்கு வந்த காரில் காலையில் கேஜ் வையுங்கள். மேலே சொன்ன எண்ணைவிடத் தெளிவாக அதிகம் என்றால் கேஸோடு காற்றும் உள்ளே புகுந்திருக்கிறது. தெளிவாகக் குறைவு என்றால் உள்ளே திரவமே மிச்சமில்லை. கேஸ் மிகவும் குறைந்துவிட்டது.

ஓடும் காரில் பார்க்கும்போது நிலைமைகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உள்ளே இழுக்கும் காற்று 30 முதல் 35 டிகிரி, இன்ஜின் 1500 ஆர்பிஎம், ப்ளோயர் முழு வேகம், உள்காற்றுச் சுழற்சி, கதவுகள் திறந்திருக்க வேண்டும். இந்த நிலையில் பல கார்களில் லோ சைடு (கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கம்) 22 முதல் 36 பிஎஸ்ஐ வரையிலும் ஹை சைடு (கம்ப்ரஸரில் இருந்து வெளியேறும் பக்கம்) 200 முதல் 230 வரையிலும் நிற்கும். சித்திரை வெயிலில் ஹை சைடு இதைத் தாண்டுவது இயல்பு. எண்ணைத் தனியாகப் பார்க்காமல் இரண்டு முள்ளையும் சேர்த்துப் படியுங்கள்:

— இரண்டும் குறைவு: பெரும்பாலும் கேஸ் குறைவு. முதலில் லீக்கைத் தேடுங்கள்.

— லோ சைடு பூஜ்யத்துக்குக் கீழே இழுக்கிறது: எக்ஸ்பான்ஷன் வால்வ் அல்லது டிரையரில் அடைப்பு. அடைத்த இடத்துக்கு அப்பால் பைப் திடீரென்று குளிரும், பனியும் பூக்கும்.

— இரண்டும் அதிகம்: காண்டென்சரில் சூடு வெளியேறவில்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று. காண்டென்சர் மீது மெல்லத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஹை சைடு மளமளவென்று இறங்கிக் குளிரும் வந்தால் ஃபேனையும் காண்டென்சர் இடுக்குகளில் உள்ள அழுக்கையும் முதலில் கவனியுங்கள். அவை சரியாக இருந்தால் மேலே சொன்ன காலைச் சோதனை, காற்றா அதிக கேஸா என்பதைச் சொல்லிவிடும்.

— லோ சைடு அதிகம், ஹை சைடு குறைவு, இரண்டும் நெருங்கி நிற்கின்றன: கம்ப்ரஸர் அழுத்தவில்லை. கொள்ளளவு மாறும் வகைக் கம்ப்ரஸராக இருந்தால் அதன் கன்ட்ரோல் வால்வைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். வால்வை மட்டும் மாற்றி முடிக்க வேண்டிய வேலைக்குக் கம்ப்ரஸரையே மாற்றிவிடும் ஆபத்து இங்கே உண்டு.

— இரண்டும் சரி, கார் மட்டும் குளிரவில்லை: காற்றுப் பக்கம். மடல், ஃபில்டர், ஹீட்டர்.

வேக்குவமும் எடையும்

குழாய் திறந்த ஒவ்வொரு முறையும் காற்றும் ஈரமும் உள்ளே போகும். வேக்குவம் பம்ப் காற்றை இழுத்துவிடும். ஈரத்தை வெளியேற்ற, உள்ளே இருக்கும் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும் அளவுக்கு அழுத்தம் இறங்க வேண்டும். சமவெளியில் கேஜ் 29 அங்குலத்தை நெருங்க வேண்டும். அந்த நிலையில் பம்ப் குறைந்தது அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு வால்வை மூடி, முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உதகமண்டலம் போன்ற மலை ஊர்களில் காற்றழுத்தமே குறைவு. அங்கே சுமார் 23 அங்குலம்தான் காட்டும். அது பம்பின் குற்றமல்ல.

முள் நகரவில்லை என்பதால் லீக்கே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. வேக்குவத்தில் குழாய்க்கு உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசம் ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே. ஏ.சி. ஓடும்போது ஹை சைடில் அதைப் போல 15 மடங்கு தள்ளும். அப்போது திறக்கிற லீக் வேக்குவத்தில் மூடியே கிடக்கும். நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதே நம்பகமான வழி. இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அந்த இடத்தை முதலில் சோதியுங்கள்.

கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். பல சிறிய கார்களின் மொத்த அளவு 300 முதல் 500 கிராம் வரைதான். அதில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். "ஒரு கேன் போட்டேன்" என்பது அளவு ஆகாது. சந்தேகம் வந்தால் சரியான வழி, உள்ளதை இயந்திரத்தால் முழுவதும் இழுத்தெடுத்து எடை பார்த்து, வேக்குவம் போட்டு, ஸ்டிக்கரில் உள்ள கிராமை ஏற்றுவதுதான். வெளியே வந்த எடை ஸ்டிக்கரோடு ஒத்துப்போனால், கேஸைக் குறை சொல்லும் பேச்சு அத்தோடு முடிந்தது.

எண்ணெய், டிரையர், ஓ-ரிங்

கம்ப்ரஸருக்குள் போகும் எண்ணெய் கேஸோடு கலந்து எல்லாக் குழாய்களிலும் சுற்றுகிறது. பழைய காண்டென்சரைக் கழற்றினால் அதில் தங்கிய எண்ணெயும் போய்விடும். அந்த அளவைத் திரும்ப ஊற்ற வேண்டும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றும்போது நிலைமை தலைகீழ். புதிய கம்ப்ரஸர் பெரும்பாலும் முழு எண்ணெயோடு வரும், குழாய்களில் பழைய எண்ணெயும் கிடக்கும். பழைய கம்ப்ரஸரில் இருந்து வடித்த எண்ணெயை அளந்து, அதை வைத்துப் புதியதில் உள்ளதைக் குறைக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் கம்ப்ரஸர் தேயும். கூடினால் கூலிங் காயிலின் உள்சுவரில் படலமாகப் படிந்து குளிரைக் குறைக்கும்.

ஆர்-134ஏ கார்களில் வழக்கமான பிஏஜி எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். போன மாதம் திறந்து பாதி மூடிவைத்த டப்பா வேண்டாம். மின்சாரத்தால் ஓடும் கம்ப்ரஸர் உள்ள ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களுக்கு மின்காப்புள்ள தனி எண்ணெய் உண்டு. அங்கே பிஏஜி கலந்தால் மின்கசிவுக் கோளாறு வரும். அந்தக் கார்களில் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களின் அருகே பயிற்சி பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும்.

டிரையர் ஈரத்தை உறிஞ்சுவதற்காகவே இருக்கிறது. கம்ப்ரஸர் உடைந்திருந்தாலோ குழாய் பல நாள் திறந்து கிடந்திருந்தாலோ டிரையரைக் கட்டாயம் மாற்றுங்கள். உடைந்த கம்ப்ரஸர் துகளைக் கக்கியிருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றுங்கள். இன்றைய காண்டென்சர்களின் மெல்லிய தட்டைக் குழாய்களை ஃப்ளஷ் செய்து முழுக்கச் சுத்தமாக்க முடியாது. துகள் புகுந்திருந்தால் காண்டென்சரும் புதிதாகவே வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடித்தால் இரண்டாவது கம்ப்ரஸரும் அதே வழியில் போகும்.

ஓ-ரிங் அந்த கேஸுக்கு உரிய ரகமாக இருக்க வேண்டும். ஏ.சி. எண்ணெய் தடவி, முறுக்காமல் மாட்ட வேண்டும். திறந்த இணைப்பில் பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போடக் கூடாது.

எந்த நிலையிலும் வேண்டாம்

கேஸ் கேனை ஹை சைடில் இணைத்து இன்ஜினை ஓட்டாதீர்கள், கேன் வெடிக்கும். லீக் பார்க்க நெருப்பு வேண்டாம். சூட்டில் சிதையும் கேஸ் நச்சுப் புகையாகும். டயர் கடைக் காற்றையோ ஆக்சிஜனையோ குழாய்க்குள் ஏற்ற வேண்டாம். முன்னது ஈரத்தை ஏற்றும், பின்னது எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். திரவ கேஸ் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இணைப்பைத் தளர்த்தாதீர்கள். மூடிய அறையில் கேஸை வெளியே விடாதீர்கள். திறந்த வெளியிலும் விட வேண்டாம். 100 ஆண்டுக் கணக்கில் ஆர்-134ஏ புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டையாக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

கடைக்குத் திரும்பப் போகும்போது

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: வெளி வெப்பநிலை, வென்ட் வெப்பநிலை, நின்றால் சூடா ஓடினால் சூடா, காற்றின் வேகம் குறைகிறதா, தடித்த பைப் குளிர்கிறதா. பிறகு கேளுங்கள்: வேக்குவம் எவ்வளவு நேரம், எத்தனை கிராம் கேஸ், என்ன எண்ணெய் எத்தனை மில்லி, டிரையர் மாறியதா, எந்தெந்த ஓ-ரிங் புதிது. பதிலை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். சொல்வதற்கு அவரிடம் எண்கள் இருக்கும்.

வேலை முடிந்த அன்றே, அதே நிழலில் அதே முறையில் வென்ட் வெப்பநிலையைக் குறித்து, இரண்டு கேஜ் எண்களையும் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, ஏறக்குறைய அதே வெயில் உள்ள நாளில் திரும்ப அளந்து பாருங்கள். எண்கள் மாறாமல் இருந்தால் வேலை சரி. வென்ட் வெப்பநிலை ஏறி, இரண்டு முள்ளும் இறங்கியிருந்தால் லீக் உண்டு. அப்போது கேட்க வேண்டியது லீக் டெஸ்ட், இன்னொரு கேன் கேஸ் அல்ல.